ஓபன் ரெயில்ஸ்: எல்லா செட்டிங்கும் ஃபுல்லா வச்சும் காத்தாடி ஏன் திடீர்னு முளைக்குது?

கேள்வி, 12.06.2024

"ஓபன் ரெயில்ஸ்ங்கற ரயில் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம்ல வேர்ல்டு ஆப்ஜெக்ட் டென்சிட்டி 99, வியூயிங் டிஸ்டன்ஸ் 10,000 மீட்டர்னு எல்லாத்தையும் ஏத்தி வச்சிட்டேன். திருநெல்வேலி – நாகர்கோவில் ரூட்ல வள்ளியூர் தாண்டினதுமே ஆரல்வாய்மொழி காத்தாடி (கரண்ட் எடுக்குற காத்தாலை) எல்லாம் வரிசையா தெரியணும்ல, ஆனா ஒவ்வொண்ணும் பக்கத்துல போனப்புறம்தான் டபக்குன்னு முளைக்குது. எஃப்பிஎஸ்ஸும் (செகண்டுக்கு எத்தனை படம் வரையுதுங்கற எண்) படுத்துருச்சு. கிராபிக்ஸ் கார்டு மாத்தினா சரியாயிருமா? எல்லாத்தையும் மேக்ஸ்ல வச்சாதான் சீனரி நல்லா இருக்கும்னு சொல்றாங்களே."

12.06.2024, இரவு 9.40

கார்டு வாங்காதீங்க தம்பி. காசு போகும், காத்தாடி அப்பவும் அதே இடத்துலதான் முளைக்கும்.

டென்சிட்டிக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எந்த பொருள் எங்க நிக்குதுன்னு எழுதியிருக்குற ரூட்டோட வேர்ல்டு ஃபைல்ல ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டாட்டிக் டீடெயில் லெவல்னு ஒரு எண் இருக்கலாம். அந்த எண் உங்க ஸ்லைடர்ல இருக்குற எண்ணை விட பெருசுன்னா பொருளை வரையாது, இல்லன்னா வரையும், அதோட முடிஞ்சுது அதோட வேலை. ஓபன் ரெயில்ஸ்ல ஓட்டுற ரூட்டெல்லாம் 2001ல வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர்ங்கற பழைய கேமோட ஃபைல் முறையில செஞ்சது, அந்த கேம்ல இந்த அளவு 10 வரைக்கும்தான். அந்த கணக்குல கட்டின ரூட்ல 10க்கு மேல எண் போட்ட பொருள் இருக்காது, அதனால 10ல வச்சாலும் 99ல வச்சாலும் நீங்க பாக்குறது ஒரே படம்.

முளைக்கிற பிரச்சனை ஷேப் ஃபைல்ல, அதாவது பொருளோட வடிவம் இருக்குற ஃபைல்ல இருக்கு. ஒவ்வொரு .எஸ் ஃபைலுக்குள்ளயும் எத்தனை மீட்டர் வரைக்கும் எந்த மாடலை காட்டணும்னு எழுதியிருக்கும், டிலெவல் செலக்‌ஷன்னு தேடுங்க. கடைசி டிலெவல் செலக்‌ஷன் 2000ன்னு இருந்தா, 2000 மீட்டரை தாண்டினதும் அந்த பொருள் கணக்குலயே இல்ல. உங்க வியூயிங் டிஸ்டன்ஸ் பத்தாயிரம்னாலும் சரி. பழைய கேம்ல பார்வை தூரமே 2 கிலோமீட்டர்தான், அதனால செஞ்சவங்க எல்லாரும் 2000ன்னு போட்டுட்டு போயிட்டாங்க, அதுக்கு மேல எழுத அவங்களுக்கு தேவையும் வரல.

இப்போதைக்கு ஆப்ஷன்ஸ்ல 'எக்ஸ்டெண்ட் ஆப்ஜெக்ட் மேக்ஸிமம் வியூயிங் டிஸ்டன்ஸ் டு ஹொரைசன்' டிக் பண்ணி பாருங்க. காத்தாடி தூரத்துலேயே தெரியும். எஃப்பிஎஸ் கதையை நாளைக்கு சொல்றேன்.

13.06.2024, காலை

எஃப்பிஎஸ்.

ரூட் முழுக்க 2048 மீட்டர் பக்கம் உள்ள சதுர டைலா வெட்டி வச்சிருக்கு. 2000 மீட்டர் வியூயிங் டிஸ்டன்ஸ்னா நீங்க நிக்குற டைல், அதை சுத்தி ஒரு வரிசை, மொத்தம் 9 டைல்ல இருக்குற பொருளை லோட் பண்ணும். 4000னா சுத்தி ரெண்டு வரிசை, 25 டைல். 6000னா 49. நீங்க வச்சிருக்குற 10,000க்கு சுத்தி அஞ்சு வரிசை, 121 டைல். நாகர்கோவில் பக்கம் ஒரு டைல்ல எத்தனை தென்னை, எத்தனை வீடு வச்சிருப்பாங்கன்னு பாருங்க, அதை 121ஆல பெருக்குங்க. தூரத்தை அஞ்சு மடங்கு ஏத்தினதுக்கு பாரம் பதிமூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு.

எஃப்5 அழுத்தி, ஷிஃப்ட்டோட எஃப்5 அழுத்திக்கிட்டே போனா டீபக் பக்கம் வரும். அதுல ரெண்டர், அப்டேட்டர், லோடர்னு ப்ராசஸ் தனித்தனியா எத்தனை சதவீதம் ஓடுதுன்னு காட்டும். டைல் மாறுற இடத்துல திணறினா லோடரை பாருங்க. நிக்குற இடத்துலயே எஃப்பிஎஸ் குறைவா இருந்தா ரெண்டரையும் ப்ரிமிடிவ் (ஒவ்வொரு படத்துலயும் வரையுற துண்டு) எண்ணிக்கையையும் பாருங்க. எது படுத்துதுன்னு தெரியாம ஸ்லைடரை இழுத்து பிரயோஜனம் இல்ல.

13.06.2024, மதியம்

"அப்போ நீங்க என்ன எண்ணு வச்சிருக்கீங்க, அதை சொல்லுங்க, அப்படியே வச்சுக்குறேன்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். டென்சிட்டி 10, வியூயிங் டிஸ்டன்ஸ் 6000, டிஸ்டன்ட் மவுண்டன் 40 கிலோமீட்டர், ஃபீல்ட் ஆஃப் வியூ (பார்வை கோணம்) 45. ஆனா என் எண்ணை எடுத்து நீங்க வச்சா என் படம் உங்களுக்கு வராது, ஏன்னா நான் பொருளை தனித்தனியா திருத்தி வச்சிருக்கேன். அதைத்தான் இந்த இழையில சொல்லணும்னு நினைக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும்.

15.06.2024, இரவு

உக்காந்து எழுதுறேன், பொறுமையா படிங்க.

ஸ்லைடர் எல்லா பொருளையும் ஒரே கண்ணால பாக்குது. 100 மீட்டர் உசர காத்தாடியும், லெவல் கிராசிங் பக்கத்துல இருக்குற டீக்கடை பெஞ்சும் அதுக்கு ஒண்ணுதான். ரூட் செய்யுறவர் அப்படி பாக்கக்கூடாது. கேபின்ல லோகோ பைலட் சீட்டுல உக்காந்து, இந்த பொருள் இங்கேருந்து எனக்கு எவ்வளவு பெருசா தெரியும்னு ஒவ்வொண்ணுக்கும் கேக்கணும்.

அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கேன். 1080 வரி ஸ்க்ரீன், 45 டிகிரி ஃபீல்ட் ஆஃப் வியூன்னா, பொருளோட உசரத்தை தூரத்தால வகுத்து 1300ஆல பெருக்கினா அது ஸ்க்ரீன்ல எத்தனை பிக்சல் உசரம்னு வந்துரும். 100 மீட்டர் காத்தாடி 5 கிலோமீட்டர் தள்ளி நின்னா 26 பிக்சல். நல்லாவே தெரியும். 4 மீட்டர் உசர ஓட்டு வீடு அதே 5 கிலோமீட்டர்ல ஒரு பிக்சல். அந்த ஒரு பிக்சலுக்காக வீட்டோட கதவு, ஜன்னல், திண்ணை எல்லாத்தையும் கம்ப்யூட்டர் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கு. 12ஆம் தேதி நான் டிக் பண்ண சொன்ன எக்ஸ்டெண்ட் ஆப்ஷன் இதைத்தான் செய்யும், காத்தாடியை மட்டும் நீட்டாது, வீடு, வேலி, போஸ்ட்டு எல்லாத்தையும் ஹொரைசன் வரைக்கும் நீட்டும். பிரச்சனை எங்கேன்னு உறுதி பண்ண அது போதும். தினம் ஓட்டுறதுக்கு அந்த டிக்கை எடுத்துடுங்க.

நான் செய்யுறது: அஞ்சு பிக்சலுக்கு கீழ போனா அந்த பொருள் தேவையில்லன்னு வச்சுக்குறேன். அப்போ உசரத்தை 260ஆல பெருக்கினா கடைசி டிலெவல் செலக்‌ஷன் கிடைச்சுரும். 4 மீட்டர் வீட்டுக்கு ஆயிரம் சொச்சம் மீட்டர். ஒரு மீட்டர் உசர கிலோமீட்டர் கல்லுக்கு 260. இருபது மீட்டர் பனைக்கு 5200 வருது, ஆனா பனையை அவ்வளவு தூரம் விடுறதில்ல, அதை பத்தி தனியா எழுதணும். காத்தாடிக்கு 26,000 வரும், என் வியூயிங் டிஸ்டன்ஸே 6000தான், அதனால 6000.

ஷேப் ஃபைல் பெரும்பாலும் கம்ப்ரெஸ் ஆகி இருக்கும், நேரா தொறந்தா குப்பையா தெரியும். ரூட் ரைட்டர்ங்கற டூல்ல போட்டு அன்கம்ப்ரெஸ் பண்ணிட்டு தொறங்க. காத்தாடி ஷேப்ல கடைசி டிலெவல் செலக்‌ஷனை மட்டும் 2000லேருந்து 6000 ஆக்குங்க, மத்த எதையும் தொடாதீங்க, ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு செய்யுங்க.

15.06.2024, கொஞ்ச நேரம் கழிச்சு

விட்டுப்போச்சு. கணக்கு சரியா இருந்தாலும் லோகோ பைலட் தேடிப் பாக்குற பொருளுக்கு அது செல்லாது. விசில் போர்டு, ஸ்பீடு போர்டு, காஷன் போர்டு எல்லாம் சின்னதுதான், ஆனா அவர் கண்ணு அதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்துல செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போறோம். 500 மீட்டர்ல போர்டு முளைச்சா கையில 18 செகண்ட். 260ல முளைச்சா 9 செகண்ட்தான், படிச்சு பிரேக்ல கை வைக்குறதுக்குள்ள போர்டு பின்னாடி போயிரும். இந்த மாதிரி பொருளுக்கு 1000 கொடுங்க, ஸ்டாட்டிக் டீடெயில் லெவலை 0 ஆக்குங்க. யாராவது ஸ்லைடரை கீழ இறக்கி வச்சு ஓட்டினாலும் அது மறையக்கூடாது. டீக்கடை பெஞ்சு, குப்பைத்தொட்டி, ஆடு மாடு எல்லாத்துக்கும் 8, 9, 10 கொடுங்க. டென்சிட்டி ஸ்லைடர் உருப்படியா வேலை செய்யுறது ரூட் செஞ்சவர் இப்படி தரம் பிரிச்சு வச்சிருந்தாதான். எல்லாத்துக்கும் ஒரே எண் போட்ட ரூட்ல அந்த ஸ்லைடர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

17.06.2024

"காத்தாடி மட்டும்தான் பிரச்சனையா, என் ரூட்ல காத்தாடியே இல்ல, அப்பவும் எஃப்பிஎஸ் இல்ல"ன்னு கேட்டவருக்கு.

கரண்ட் கம்பத்தை பாருங்க. ஓஎச்இ மாஸ்ட். யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா எலக்ட்ரிக் லைன் ரூட்ல மொத்த பாரமும் அங்கதான் உக்காந்திருக்கும். நம்ம 25 கிலோவோல்ட் லைன்ல ரெண்டு மாஸ்ட்டுக்கு நடுவுல அதிகபட்சம் 72 மீட்டர், வளைவுல இன்னும் நெருக்கம். நேர் லைன்ல முன்னாடி 2 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் 28 மாஸ்ட், டபுள் லைன்னா 56. ஒருத்தர் அழகா, பீங்கான் இன்சுலேட்டரோட ஒவ்வொரு தட்டையும் உருண்டையா செதுக்கி 4000 பாலிகன்ல (மாடலை கட்டுற தட்டை முகம்) மாஸ்ட் செஞ்சு கொடுத்திருக்கார்னு வைங்க. 56 ஐ 4000ஆல பெருக்குங்க, 2.24 லட்சம். வெறும் கம்பத்துக்கு.

அதே மாஸ்ட்டை மூணு நிலையா பிரிங்க. 150 மீட்டர் வரைக்கும் முழு மாடல், 4000. 150லேருந்து 500 வரைக்கும் இன்சுலேட்டரை வெறும் உருளையா ஆக்கின மாடல், 400. 500லேருந்து 2000 வரைக்கும் ஒரு கம்பம், ஒரு கை, 40 பாலிகன். இப்போ கூட்டுங்க: பக்கத்துல 4 மாஸ்ட், 16,000. நடுவுல 10 மாஸ்ட், 4000. மீதி 42 மாஸ்ட், 1680. மொத்தம் 22,000 கூட வரல. பத்துல ஒரு பங்கு. கேபின்லேருந்து பாக்குறவருக்கு வித்தியாசமே தெரியாது, ஏன்னா 500 மீட்டர் தள்ளி இன்சுலேட்டர் தட்டு ஒரு பிக்சல் கூட கிடையாது.

மாஸ்ட்டுக்கு விதவிதமா ஷேப் செய்யாதீங்க, ஒரே ஷேப்பை திரும்ப திரும்ப வைங்க. ஒரே ஷேப்னா மாடல் இன்ஸ்டன்சிங் இருக்குற வெர்ஷன்ல மொத்தமா சேர்த்து வரைஞ்சுரும்.

20.06.2024

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கார். ஷேப்ல 6000 போட்டாச்சாம், இப்போ தூரத்துலேருந்தே தெரியுதாம், சந்தோஷம். ஆனா நடுவுல சில நேரம் காணாம போயி திரும்ப வருதாம்.

ரெண்டு காரணம் இருக்கலாம். முதல்ல பெர்ஃபார்மன்ஸ் ட்யூனர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது நீங்க சொன்ன எஃப்பிஎஸ்ஸை பிடிச்சு வைக்க வியூயிங் டிஸ்டன்ஸை தானா குறைக்கும், ஏத்தும். திருநெல்வேலி ஜங்ஷன் மாதிரி நெரிசலான இடத்துல குறைச்சா யாருக்கும் தெரியாது. வெட்டவெளியில குறைச்சா மலையடிவாரத்துல நின்ன காத்தாடி மொத்தமும் போயிரும். ஆஃப் பண்ணுங்க.

ரெண்டாவது, ஸ்க்ரீன் ஓரத்துக்கு வர்றப்போ மட்டும் மறையுதுன்னா அது வேற. ஷேப் ஃபைல்ல வால்யூம் ஸ்பியர்னு ஒரு உருண்டை எழுதியிருக்கும், பொருள் இந்த உருண்டைக்குள்ள அடங்கும்னு. அந்த உருண்டை ஸ்க்ரீனுக்கு வெளிய போயிருச்சுன்னா பொருளை வரைய வேண்டாம்னு விட்டுரும். டவருக்கு மட்டும் கணக்கு போட்டு, இறக்கை நீளத்தை விட்டுட்டா, இறக்கை உள்ள இருக்குறப்பவே காத்தாடி மொத்தமா மறையும். ரேடியஸை இறக்கை நுனி வரைக்கும் வர்ற மாதிரி ஏத்துங்க.

22.06.2024

இப்போ எனக்கு பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். காத்தாடி சுத்தணும்.

நிறைய ரூட்ல சும்மா நிக்குது. ஜூன் மாசம் ஆரல்வாய்மொழி கணவாய்ல நின்னு பாத்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய குறைன்னு தெரியும். மேற்கேருந்து காத்து கணவாய் வழியா பிதுங்கிக்கிட்டு வரும், சட்டை படபடன்னு அடிக்கும், பேசினா பக்கத்துல நிக்குறவருக்கு கேக்காது, முப்பந்தல்ல கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சுத்திக்கிட்டு இருக்கும். அதை நிறுத்தி வச்சா அந்த இடம் அந்த இடமே இல்ல.

ஷேப்புக்குள்ள அனிமேஷன் இருந்தும் சுத்தலன்னா வேர்ல்டு ஃபைல்ல ஸ்டாட்டிக் ஃப்ளாக்ஸ் பாருங்க. பெரும்பாலும் 00100000ன்னு இருக்கும். அனிமேட் பண்ணுன்னு சொல்ற ஃப்ளாக் 00080000. ரெண்டையும் கூட்டினா 00180000, அதை எழுதினா சுத்த ஆரம்பிச்சுரும். டிஎஸ்ஆர்இ எடிட்டர் வச்சிருந்தா எண்ணெல்லாம் வேண்டாம், பொருளை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல அனிமேட்டடுக்கு டிக் போட்டா போதும், அதுவே எழுதிக்கும்.

அப்புறம் முகம். காத்தாடி காத்தைப் பாத்துதான் நிக்கும். தென்மேற்கு பருவக்காத்து காலத்துல எல்லாமே மேற்கே பாத்திருக்கும். எடிட்டர்ல அழகா இருக்கட்டும்னு ஒண்ணை அங்கேயும் ஒண்ணை இங்கேயும் திருப்பி வச்சா கணவாய்ல ரெண்டு பக்கமும் காத்து அடிக்குற மாதிரி ஆயிரும். திருநெல்வேலியிலேருந்து நாகர்கோவில் போற வண்டியில காத்தாடியோட முதுகுதான் தெரியணும், திரும்பி வர்றப்போ முகம் தெரியணும். முகத்துக்கு நேரா நின்னு பாத்தா இறக்கை கடிகாரம் சுத்துற பக்கம் சுத்தும், முதுகுப் பக்கம் நின்னு பாத்தா எதிர்ப்பக்கம். உங்க காத்தாடி முதுகுப் பக்கத்துலேருந்து கடிகாரம் மாதிரி சுத்துச்சுன்னா திருப்பி மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

வேகம் ஷேப்போட அனிமேஷன் பகுதியில இருக்கு, மொத்தம் எத்தனை ஃப்ரேம், செகண்டுக்கு எத்தனைன்னு. பெரிய மெகாவாட் காத்தாடி நிமிஷத்துக்கு 15 சுத்து மாதிரி நிதானமா சுத்தும். பழைய சின்ன 250 கிலோவாட் சைஸ் காத்தாடி அதை விட ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். முப்பந்தல்ல ரெண்டும் கலந்து நிக்கும், ரெண்டுக்கும் ஒரே வேகம் வச்சா கண்ணு உடனே சொல்லிரும்.

22.06.2024, இரவு

எல்லா காத்தாடியும் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே நேரத்துல இறக்கையை தூக்குதுன்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார். ஆமா, ஒரே ஷேப்னா அப்படித்தான் ஆகும், சேர்ந்து லோட் ஆனதெல்லாம் ஒரே ஃப்ரேம்லேருந்து ஆரம்பிக்கும். அதே ஷேப்பை நாலஞ்சு காப்பி எடுத்து, ஒவ்வொண்ணுலயும் இறக்கை தொடங்குற கோணத்தை மாத்தி, வேற பேர்ல சேவ் பண்ணி கலந்து வைங்க. மாஸ்ட்டுக்கு ஒரே ஷேப் வைங்கன்னு மேல சொன்னேன்ல, காத்தாடிக்கு மட்டும் அதை விட்டுக்கொடுக்கலாம். நாலஞ்சு ஷேப் கூடுறதால பெருசா ஒண்ணும் ஆகாது, படம் ரொம்ப மாறும்.

29.06.2024

பனை பாக்கி இருக்கு.

நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் செம்மண், உடை மரம், பனை. பனை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்காது, ரெண்டு மூணு சேர்ந்து, அப்புறம் ஒரு வெட்டவெளி, வயக்காட்டு வரப்புல வரிசையா கொஞ்சம். இதை ஃபாரஸ்ட் ஆப்ஜெக்ட் (ஒரு ஏரியாவுல மரத்தை தானா தூவுறது) போட்டு நிரப்புறாங்க. ஃபாரஸ்ட்ல ஏரியா நீளம் அகலம், பாப்புலேஷன், மர சைஸ், ஸ்கேல் ரேஞ்ச் இவ்வளவுதான் கேக்கும். டிஃபால்ட்ல வர்ற பாப்புலேஷனை அப்படியே விட்டா பனங்காடு தேக்குத்தோட்டம் மாதிரி அடைஞ்சு போயிரும். தாராளமா குறைங்க. 200க்கு 200 மீட்டர் ஏரியாவுக்கு நான் முப்பது நாப்பதுக்கு மேல போறதில்ல. ஸ்கேல் ரேஞ்சை 0.7லேருந்து 1.2 வரைக்கும் விரிச்சு விடுங்க, ஒரே உசரத்துல பனை நின்னா நட்டு வளத்த மாதிரி இருக்கும்.

ஃபாரஸ்ட் மரம் எல்லாமே தட்டையான அட்டை, நம்ம பக்கமா திரும்பிக்கிட்டே இருக்கும். தூரத்துல தெரியாது, லைனை ஒட்டி வந்தா வண்டி தாண்டுறப்போ மரம் நம்மளை பாத்து முகத்தை திருப்புறது தெரிஞ்சுரும். அதனால லைன்லேருந்து 50 மீட்டருக்குள்ள தனி ஷேப்பா நிஜ மாடல் பனை வைங்க, கொஞ்சமா. அதுக்கு பின்னாடி ஃபாரஸ்ட். நிஜ மாடல் பனைக்கு தூரம் 700, 800 போதும், 5200 எல்லாம் வேண்டாம்னு மேல சொன்னதுக்கு காரணம் இதுதான், பின்னாடி நிக்குற அட்டை மரம் அந்த இடத்தை நிரப்பிரும்.

தண்டவாளத்து நடுவுல மரம் முளைக்குதுன்னு புலம்புறவங்களுக்கு ஓபன் ரெயில்ஸ்ல வழி இருக்கு. ரூட்டோட .டிஆர்கே ஃபைல்ல ஓஆர்டிஎஸ் யூசர் பிரிஃபரன்ஸ் ஃபாரஸ்ட் கிளியர் டிஸ்டன்ஸ்னு ஒரு வரி சேர்த்து, அடைப்புக்குள்ள மீட்டர் கணக்கு கொடுத்தா, லைன்லேருந்து அவ்வளவு தூரத்துக்கு ஃபாரஸ்ட் மரம் வராது. ரோட்டுல நிக்குற மரத்தை எடுக்க இன்னொரு வரி இருக்கு, மேனுவல்ல பாருங்க. பழைய கேம்ல இதெல்லாம் கையால ஏரியாவை வெட்டி வெட்டிதான் சரி பண்ணணும்.

தோவாளை தாண்டினதும் பனையை விட்டுருங்க. தென்னை, வாழை, வயல். கணவாய்க்கு அந்தப்பக்கம் காஞ்ச நாடு, இந்தப்பக்கம் பச்சை, நிஜத்துல வண்டியில உக்காந்து பாத்தா சில நிமிஷத்துல ஊரே மாறிரும். ரூட்ல அந்த மாற்றத்தை மெல்ல கலந்து கலந்து காட்டாதீங்க, சட்டுன்னு மாத்துங்க.

30.06.2024

மகேந்திரகிரி பத்தி கேட்டவருக்கு: 1600 மீட்டருக்கு மேல உசர மலை, நாகர்கோவில் போறப்போ வலது பக்கம் பணகுடியை ஒட்டி சுவர் மாதிரி நிக்கணும். அது ஆப்ஜெக்ட் கிடையாது, டெரெய்ன், அதாவது நிலத்தோட மேடு பள்ளம். 6000க்கு அப்பால் இருக்குறதை டிஸ்டன்ட் மவுண்டன் செட்டிங் பாத்துக்கும், ரூட்ல லோ டைல்ஸ் (தூரத்து நிலத்துக்கான டைல்) ஃபோல்டர் இருக்கான்னு மட்டும் பாருங்க. அது இல்லாத ரூட்ல மலைக்காக வியூயிங் டிஸ்டன்ஸை ஏத்தி எஃப்பிஎஸ்ஸை கொல்றாங்க. லோ டைல்ஸ் செஞ்சா மலையும் வரும், பாரமும் ஏறாது.

7.07.2024

நிழல். டைனமிக் ஷேடோ போட்டுட்டு 'ஷேடோ ஃபார் ஆல் ஷேப்ஸ்' டிக் பண்ணிட்டீங்கன்னா, வேர்ல்டு ஃபைல்ல என்ன எழுதியிருந்தாலும் கண்டுக்காம எல்லா ஷேப்புக்கும் நிழல் போடும். வேலிக்கம்பிக்கும் நிழல், ஜல்லிக்குவியலுக்கும் நிழல். அதை எடுத்துட்டு, நிழல் வேணும்ங்கற பொருளுக்கு மட்டும் ஃப்ளாக் கொடுங்க. டைனமிக் ஷேடோ ஃப்ளாக் 00010000. காத்தாடிக்கு 00180000 எழுதினோம்ல, நிழலும் வேணும்னா 00190000. ப்ளாட்ஃபார்ம் கூரை, ஃபுட் ஓவர் பிரிட்ஜ், லைனை ஒட்டி நிக்குற வேப்பமரம், இதுக்கெல்லாம் நிழல் அவசியம், வண்டி ப்ளாட்ஃபார்முக்குள்ள நுழையுறப்போ கேபின் மேல நிழல் விழுந்து விலகுறதுதான் ஸ்டேஷனுக்குள்ள வந்துட்டோம்ங்கற உணர்வையே கொடுக்குது. மத்ததுக்கு வேண்டாம்.

7.07.2024, இரவு

கூடவே இதையும் பாருங்க. ஷேப்போட கூடவே வர்ற .எஸ்டி ஃபைல்ல ஆல்டர்னேட்டிவ் டெக்ஸ்சர்னு ஒரு எண் (டெக்ஸ்சர்னா மாடல் மேல ஒட்டுற படம்). வெளிநாட்டு ரூட்லேருந்து எடுத்த வீடு, கடை, மரத்துல பெரும்பாலும் 252 இருக்கும். வசந்தம், இலையுதிர், குளிர்காலம், பனி எல்லாத்துக்கும் தனி டெக்ஸ்சர் இருக்குன்னு அர்த்தம். நம்ம வள்ளியூர்ல பனி ஏது. அந்த எண்ணை 0 ஆக்குங்க. ராத்திரி ஜன்னல்ல வெளிச்சம் தெரியுற டெக்ஸ்சர் நைட் ஃபோல்டர்ல இருந்தா மட்டும் 256. இதை சரி பண்ணாம ஆக்டிவிட்டியில சீசன் வின்டர்னு வச்சு மார்கழி ஓட்டம் ஓட்டினா இல்லாத டெக்ஸ்சரை எல்லாம் தேடிக்கிட்டு இருக்கும்.

16.07.2024

எல்ஓடி பயஸ் (எந்த தூரத்துல எளிய மாடலுக்கு மாறணும்னு தள்ளி வைக்கிறது) ஸ்லைடரை +100ல வச்சா எல்லாம் பளிச்சுன்னு இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இருக்கும். +100னா எவ்வளவு தூரத்துல இருந்தாலும் முழு மாடலைத்தான் எடுக்கும். ஜூன் 17ஆம் தேதி மாஸ்ட் கணக்கு எழுதினேனே, மூணு நிலையா பிரிச்சு 22,000க்கு கொண்டுவந்தது, அது திரும்ப 2.24 லட்சத்துக்கு போயிரும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும்னா வைங்க, எடுத்துட்டு 0க்கு கொண்டு வந்துருங்க.

அவர் அதை வச்சதுக்கு காரணம் ஸ்டேஷன் போர்டு தூரத்துலேருந்து மங்கலா இருக்கறதுதான்னு அப்புறம் சொன்னார். அது நியாயமான வருத்தம். மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, இங்கிலீஷ், கீழ கடல் மட்டத்துலேருந்து உசரம், அதை படிக்க முடியலன்னா ஊருக்கு வந்த மாதிரியே இருக்காது. ஆனா மங்கலுக்கு காரணம் டெக்ஸ்சர். போர்டுக்குன்னு தனி டெக்ஸ்சர் இல்லாம, ஸ்டேஷன் கட்டடத்தோட படத்துலேயே ஒரு மூலையில தபால் தலை சைஸுக்கு எழுத்தை திணிச்சிருக்காங்க. தூரம் போகப் போக மிப்மேப் (தூரத்துக்கு எடுக்குற சின்ன சைஸ் படம்) அதை இன்னும் சுருக்கி கலக்கிரும். போர்டுக்கு மட்டும் தனியா 1024க்கு 512ல ஒரு டெக்ஸ்சர் செய்யுங்க, எழுத்து போர்டு முழுக்க வர்ற மாதிரி. ஒரு ஸ்டேஷனுக்கு ரெண்டு போர்டு, இது ஒரு பாரமே இல்ல. தமிழ் எழுத்தை ஃபோட்டோ பாத்து அதே தடிமன்ல போடுங்க, கம்ப்யூட்டர் ஃபான்ட்டை அப்படியே தட்டாதீங்க, ரயில்வே பெயின்டர் எழுத்து வேற.

2.08.2024

ஃபைலை திருத்தி சேவ் பண்ணினதும் ரூட்டே தொறக்கலன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க, பெரும்பாலும் ஒரே காரணம்தான். இந்த கேம் ஃபைல் எல்லாம் யூனிகோட், யூடிஎஃப் 16 லிட்டில் எண்டியன். நோட்பேட்ல தொறந்து சேவ் ஆஸ் கொடுக்குறப்போ கீழ என்கோடிங் யூடிஎஃப் 8ன்னு மாறியிருந்தா சில டூல் அதை படிக்காது. யூடிஎஃப் 16 எல்இ தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. பழைய விண்டோஸ்ல அதே இடத்துல சும்மா யூனிகோட்னு மட்டும் இருக்கும், அதுதான் இது. இன்னொண்ணு, அடைப்புக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதுங்க, 6000ஐ அடைப்போட ஒட்டி எழுதாதீங்க. எந்த டைல் ஃபைலை தொட்டீங்களோ அந்த ஒரு .டபிள்யூ ஃபைலை (வேர்ல்டு ஃபைல்) மட்டும் காப்பியிலேருந்து திரும்ப போட்டா ரூட் பழையபடி தொறக்கும், மொத்தத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல.